தோற்றவர் திரும்பி வரும் பந்தயம்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நம் பெரியோர் சொல்லிவிட்டுப் போனார்கள். சறுக்கிய ஆனை பிறகு என்ன செய்யும் என்பதைப் பற்றி அவர்கள் அதிகமாகச் சொல்லவில்லை. எழுந்து நடக்கும் என்று நாமே ஊகித்துக் கொள்ள வேண்டியதுதான். ஆனால் டென்னிஸ் உலகத்தில் இந்த ஊகம் செல்லாது. அங்கே அடி சறுக்கிய ஆனைக்கு எழுந்து நடக்க அவகாசமே கிடையாது. பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

விம்பிள்டன் பந்தயத்தை எடுத்துக் கொள்வோம். ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர் களத்தில் இறங்குகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒருவர் கையிலே கோப்பை இருக்கிறது. மற்ற 127 பேரும் தோற்றுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறைதான் தோற்றார்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரு நாள் தோள் வலித்திருக்கலாம்; ஒரு நாள் காற்று எதிராக அடித்திருக்கலாம். அதைப் பற்றிக் கேட்பார் யாரும் இல்லை. தோற்றாயா, வெளியே போ! இதுதான் சட்டம்.

உலகத்தின் பெரிய டென்னிஸ் பந்தயங்களில் அநேகமாக எல்லாவற்றிற்கும் இதே சட்டந்தான். ஆண்கள் ஒற்றையர் பந்தயங்களில் ஒன்று மட்டும் முக்கியமான விதிவிலக்கு. அங்கே தோற்றவர் மறுபடியும் வரலாம். வந்து கோப்பையையும் வாங்கிப் போகலாம். அதுதான் ஆண்டு முடிவில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக நடைபெறும் சாம்பியன் பந்தயம். முதலில் அதற்கு 'மாஸ்டர்ஸ்' என்று பெயர், இப்போது ஏ.டி.பி. பைனல்ஸ் என்று சொல்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு முதல் இத்தாலி தேசத்து டூரின் நகரத்தில் நடந்து வருகிறது.

இந்த இரண்டாவது சந்தர்ப்பம் என்பது கேட்பதற்கு மிகவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளே ஒரு கண்ணியும் ஒளிந்திருக்கிறது. அந்தக் கண்ணியில் ஒரு சமயம் பந்தயமே சிக்கிக் கொண்டு தவித்தது. வேறொரு சமயம் இருபத்திரண்டு வயது வாலிபர் ஒருவர் அந்தக் கண்ணியை நேரே பார்த்துவிட்டு, அதைத் தாண்டி நடந்து போனார். அந்த இரண்டு கதைகளையும் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டுப் பேர், இரண்டு அணி

முதலில் பந்தயத்தின் அமைப்பைத் தெரிந்து கொள்வோம்.

ஜனவரி மாதம் ஆஸ்திரேலியாவில் தொடங்கி நவம்பர் வரையில் ஆட்டக்காரர்கள் தேசம் தேசமாகச் சுற்றி ஆடுகிறார்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் அவரவர் எவ்வளவு தூரம் முன்னேறினார்களோ அதற்குத் தக்கபடி புள்ளிகள் சேர்கின்றன. ஆண்டு முடிவில் அந்தப் புள்ளிக் கணக்கில் முதல் ஏழு இடத்தில் இருப்பவர்களுக்கு அழைப்பு உண்டு. எட்டாவது இடத்திற்கு மட்டும் ஒரு சலுகை. அந்த ஆண்டின் நான்கு மகா பந்தயங்களில் ஒன்றை ஜயித்தவர் முதல் ஏழு பேரில் இல்லாமற் போனாலும், இருபதாம் இடத்திற்குள் இருந்தால் அவருக்கு அந்த நாற்காலி கிடைக்கும். இல்லையேல் வரிசைப்படி எட்டாவது ஆளுக்குத்தான்.

இந்த எட்டுப் பேரையும் நான்கு நான்கு பேராக இரண்டு அணியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் அணியிலுள்ள மற்ற மூவருடனும் ஆட வேண்டும். அணிக்கு இரண்டு பேர் அரை இறுதிக்குப் போகிறார்கள். ஒரு அணியில் முதலாவதாக வந்தவர் மற்ற அணியில் இரண்டாவதாக வந்தவருடன் மோதுகிறார். அரை இறுதியில் வென்ற இருவரும் கடைசி ஆட்டத்தில் சந்திக்கிறார்கள். எல்லா ஆட்டங்களையும் வென்று சாம்பியனாகிறவருக்கு 1,500 புள்ளிகள். பணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2025-இல் அப்படித் தோல்வியே காணாமல் ஜயித்தவருக்குக் கிடைத்தது ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல்!

ஒருவர் தம் மூன்று ஆட்டங்களில் ஒன்றில் தோற்றாலும் பெரும்பாலும் அரை இறுதிக்குப் போய்விடலாம் என்பது இதிலிருந்து விளங்கும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். மூன்று பேர் சமமான வெற்றிகளுடன் நின்றுவிட்டால், செட்டுகளை எண்ணுவார்கள். அதிலும் சமமானால், செட்டுக்குள்ளே இருக்கும் கேம்களை எண்ணுவார்கள். 2009-ஆம் ஆண்டு லண்டன் நகரத்தில் இப்படித்தான் பெடரர், டெல் போட்ரோ, மர்ரி ஆகிய மூவரும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜயித்து நின்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில், சொந்த நாட்டு ஜனங்களின் கண்முன்னால், ஒரே ஒரு கேம் வித்தியாசத்தில் மர்ரி வெளியேற நேர்ந்தது. ஆகையால் இங்கே இரண்டாவது சந்தர்ப்பம் உண்டு என்றாலும் அது இனாமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு.

ஊர் சுற்றும் கம்பெனி

இப்படி ஒரு பந்தயம் ஏற்பட்ட வரலாறு சுவாரஸ்யமானது.

1968-ஆம் ஆண்டுக்கு முன்னால் டென்னிஸ் உலகத்தில் இரண்டு ஜாதிகள் இருந்தன. ஒன்று, பணம் வாங்காமல் ஆடுகிறவர்களாகிய 'அமெச்சூர்' ஜாதி. மற்றொன்று, வெளிப்படையாகப் பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிற தொழில்முறை ஜாதி. முதல் ஜாதிக்காரர்களுக்கு விம்பிள்டன் உண்டு, டேவிஸ் கோப்பை உண்டு, புகழ் உண்டு. இரண்டாவது ஜாதிக்காரர்களுக்குப் பணம் உண்டு. ஆனால் விம்பிள்டன் வாசற்படியை அவர்கள் மிதிக்க முடியாது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களிற் பலர் இந்தப் பிரஷ்டர்கள் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதுதான் விந்தை.

அந்தக் கூட்டத்தின் தலைவராக விளங்கியவர் அமெரிக்கரான ஜாக் கிரேமர். 1947-இல் விம்பிள்டன் சாம்பியனாக இருந்தவர், பிறகு தொழில்முறையில் இறங்கினார். நாளடைவில் ஆடுவதை விட்டு ஆட்டுவிப்பதில் ஈடுபட்டார். நம் பக்கத்து நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராய்க் கொட்டகை போட்ட மாதிரி, அவர் நாலைந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நகரம் நகரமாகச் சென்று பந்தயம் நடத்தினார். அமெச்சூர்களில் யாராவது பிரகாசிக்கத் தொடங்கினால் கிரேமர் ஒப்பந்தக் காகிதத்துடன் வந்து நிற்பார். பலருக்கு அந்தக் காகிதத்தை மறுப்பது எளிதாயிருக்கவில்லை.

மறுத்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன். 1959-ஆம் ஆண்டு கிரேமர் அவருக்குப் பெரிய தொகை கொடுத்து அழைத்தார். கிருஷ்ணன் போகவில்லை. போயிருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் ஆடும் உரிமையை இழந்திருப்பார். போகாதபடியால் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரை இறுதி வரையில் சென்றார். 1966-இல் இந்தியா டேவிஸ் கோப்பையின் கடைசிச் சுற்றை எட்டியபோது அதற்கு முதற் காரணமாக விளங்கினார்.

அந்த இரண்டு விம்பிள்டன் அரை இறுதிகளைப் பற்றி ஒரு விஷயம். 1960-இல் கிருஷ்ணனை வென்றவர் நீல் பிரேசர். 1961-இல் வென்றவர் ராட் லேவர். அந்தந்த ஆண்டு சாம்பியன் பட்டம் பெற்றவர்களும் அவர்களே. அதாவது, இரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பந்தயத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரிடந்தான் கிருஷ்ணன் தோற்றார். ஆயினும் தோற்றது தோற்றதுதான். மறுநாள் வந்து இன்னொரு முறை ஆடிப் பார்க்க அங்கே வழி இல்லை.

1968-இல் ஜாதி வேற்றுமை ஒழிந்தது. விம்பிள்டன் கதவு எல்லோருக்கும் திறந்தது. உடனே கிரேமர் ஒரு யோசனை சொன்னார். ஆண்டு முழுவதும் நடக்கும் பந்தயங்களை ஒரே சங்கிலியாகக் கோத்துப் புள்ளிக் கணக்கு வைப்பது. கடைசியில் அதிகப் புள்ளி பெற்ற சிலரை ஓரிடத்தில் சேர்த்து ஆட விடுவது. இந்த யோசனை 1970-இல் செயலுக்கு வந்தது. ஒரு காலத்தில் ஊர் சுற்றும் கம்பெனி நடத்தியவரின் மூளையிலிருந்துதான் ஆண்டு முடிவுப் பந்தயம் பிறந்தது.

முதலாவது பந்தயம் 1970 டிசம்பரில் ஜப்பான் தேசத்து டோக்கியோவில் நடந்தது. ஆறு பேர் ஆடினார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐவருடனும் மோதினார்கள். அரை இறுதி, இறுதி என்பதெல்லாம் அப்போது கிடையாது. முடிவில் அமெரிக்காவின் ஸ்டான் ஸ்மித்தும் ஆஸ்திரேலியாவின் ராட் லேவரும் சமமான வெற்றிகளுடன் நின்றார்கள். அவர்கள் இருவரும் சந்தித்த ஆட்டத்தில் ஸ்மித் வென்றிருந்தபடியால் பட்டம் அவருக்குப் போயிற்று. ஆக, பந்தயத்தின் முதல் சாம்பியனே ஒரு தோல்வியுடன்தான் சாம்பியனானார்!

கம்பெனி நாடகத்தின் குணம் பந்தயத்தை விட்டு நெடுங்காலம் நீங்கவில்லை. பாரிஸ், பார்ஸிலோனா, பாஸ்டன், மெல்போர்ன், ஸ்டாக்ஹோம், ஹூஸ்டன் என்று ஆண்டுக்கு ஓர் ஊராய்ச் சுற்றியது. பிறகு நியூயார்க்கில் பதின்மூன்று ஆண்டு தங்கியது. அப்புறம் பிராங்க்பர்ட், ஹானோவர், லிஸ்பன், ஸிட்னி, ஷாங்காய், லண்டன் என்று சுற்றிவிட்டுத்தான் டூரினுக்கு வந்து சேர்ந்தது.

சறுக்கி எழுந்த ஆனைகள்

இந்தப் பந்தயத்தில் தோற்று எழுந்து ஜயித்தவர்களின் ஜாபிதா நீளமானது. சிலரை மட்டும் பார்ப்போம்.

1975-இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ருமேனியாவின் இலியே நஸ்தாசே, அமெரிக்காவின் ஆர்தர் ஆஷுடன் மோதினார். நஸ்தாசேயின் கைத்திறனைப் போலவே அவருடைய குறும்பும் உலகப் பிரசித்தம். ஆஷோ பொறுமைக்குப் பெயர் போனவர். அன்று தோல்வி நெருங்கிய சமயத்தில் நஸ்தாசே பந்தைப் போடாமல் வேண்டுமென்றே தாமதம் செய்து எதிரியைச் சீண்டிக் கொண்டிருந்தார். பொறுமைக்கடலாகிய ஆஷ் கடைசியில் களத்தை விட்டே வெளியேறிவிட்டார். முதலில் இருவரையும் தகுதி இழந்தவர்களாக அறிவித்தார்கள். பிறகு யோசித்து, வெற்றியை ஆஷுக்குக் கொடுத்தார்கள். நஸ்தாசே பிறகு ஒரு ரோஜாப் பூச்செண்டைக் கொண்டு போய் ஆஷிடம் கொடுத்துச் சமாதானம் செய்து கொண்டார். வேறு எந்தப் பந்தயமாயிருந்தாலும் கதை அத்துடன் முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. நஸ்தாசே மற்ற ஆட்டங்களை வென்று முன்னேறி, கடைசி ஆட்டத்தில் ஸ்வீடன் தேசத்து போர்கை அவருடைய சொந்த மண்ணிலேயே 6-2, 6-2, 6-1 என்று தோற்கடித்து நான்காம் முறையாகப் பட்டம் பெற்றார்.

1996-இல் ஹானோவரில் ஜெர்மானியரான போரிஸ் பெக்கரிடம் அமெரிக்கரான பீட் சாம்ப்ரஸ் அணி ஆட்டத்தில் தோற்றார். கடைசி ஆட்டத்தில் அதே இருவரும் மறுபடியும் சந்தித்தார்கள். ஐந்து செட்டுகள், அவற்றில் மூன்று ஆறுக்கு ஆறு என்று சமமாகி டை-பிரேக்கரில் முடிவாயின. சாம்ப்ரஸ் ஜயித்தார். ஜெர்மானிய ஜனங்கள் தங்கள் வீரர் தோற்றதை மறந்து இருவருக்கும் கரகோஷம் செய்தார்கள்.

2000-ஆம் ஆண்டு லிஸ்பனில் பிரேஸில் தேசத்து குஸ்தாவோ கூர்ட்டன் முதல் ஆட்டத்திலேயே அகஸ்ஸியிடம் தோற்றார். ஆண்டின் முதலிடத்தைப் பெற வேண்டுமானால் அவர் பட்டத்தையே வென்றாக வேண்டிய நிலைமை. அரை இறுதியில் சாம்ப்ரஸையும், கடைசி ஆட்டத்தில் தம்மை வென்ற அதே அகஸ்ஸியையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். தென் அமெரிக்காவிலிருந்து ஒருவர் ஆண்டு முடிவில் உலக முதல்வராக நின்றது அதுவே முதல் தடவை.

2005-இல் ஷாங்காயில் நடந்தது இவை எல்லாவற்றையும் விட அதிசயம். அர்ஜெண்டினா தேசத்து டேவிட் நல்பாண்டியனுக்கு எட்டுப் பேரில் இடமே கிடைத்திருக்கவில்லை. அவர் மீன் பிடிக்கப் போவதற்கு ஏற்பாடு செய்து கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பெரிய ஆட்டக்காரர்கள் விலகவே, தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வந்ததும் முதல் ஆட்டத்தில் ரோஜர் பெடரரிடம் தோற்றார். கடைசி ஆட்டத்தில் மறுபடியும் பெடரர்! முதல் இரண்டு செட்டுகளையும் நல்பாண்டியன் இழந்தார். பிறகு அடுத்த மூன்றையும் கைப்பற்றினார். தொடர்ந்து 35 ஆட்டங்களில் தோல்வி அறியாதிருந்த பெடரர் அன்று தோற்றார்.

இரண்டாவது சந்தர்ப்பம் என்பது என்ன செய்யும் என்பதற்கு இவை போதுமான சாட்சிகள்.

நியூயார்க்கில் நடந்த சம்பவம்

இனிக் கண்ணியின் விஷயத்துக்கு வருவோம்.

தோற்றாலும் அரை இறுதிக்குப் போகலாம் என்று ஆகிவிட்டால், ஒரு விபரீதமான கேள்வி பிறக்கிறது. சில சமயம் ஜயிப்பதைவிடத் தோற்பதே லாபமாயிருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி 1981 ஜனவரியில் பகிரங்கமாக எழுந்தது. 1980-ஆம் ஆண்டின் பந்தயம் அந்த ஜனவரியில் நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்குவேர் கார்டன் மண்டபத்தில் நடந்தது. ஓர் அணியில் ஜிம்மி கானர்ஸ், இவான் லெண்டில் ஆகிய இருவரும் அரை இறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். அவர்கள் இருவரும் மோதும் ஆட்டம் மட்டும் பாக்கி இருந்தது. மற்ற அணியில் ஓர் எதிர்பாராத முடிவு ஏற்பட்டிருந்தது. ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டனை வென்ற போர்க், ஜீன் மேயர் என்பவரிடம் தோற்று இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டார்.

இதன் பலன் என்ன? கானர்ஸும் லெண்டிலும் மோதும் ஆட்டத்தில் ஜயிப்பவர் அரை இறுதியில் போர்கை எதிர்க்க வேண்டும். தோற்பவருக்கு மேயர். வெற்றிக்குப் பரிசு புலி. தோல்விக்குப் பரிசு பூனை என்று சொல்லும்படியான நிலைமை! (மேயரும் சிறந்த ஆட்டக்காரரே, ஆனால் போர்க் போர்க்தான்.)

ஆட்டம் நடந்தது. முதல் செட் டை-பிரேக்கர் வரையில் சென்று கானர்ஸுக்குக் கிடைத்தது. இரண்டாவது செட்டில் லெண்டில் 6-1 என்று சுருண்டுவிட்டார். லெண்டில் வேண்டுமென்றே விட்டுக் கொடுத்தாரா, அல்லது அன்று கை ஓடவில்லையா? அவர் மனத்துக்குள் புகுந்து பார்த்தவர் யாரும் இல்லை. குற்றம் நிரூபணமானதும் இல்லை. ஆனால் கானர்ஸ் சும்மா இருக்கவில்லை. போர்கைச் சந்திக்க அஞ்சிய கோழை என்று பொருள்படும்படி பகிரங்கமாகவே பேசிவிட்டார்.

அரை இறுதியில் கானர்ஸ் போர்குடன் கடுமையாகப் போராடித் தோற்றார். லெண்டில் மேயரை வென்று கடைசி ஆட்டத்துக்கு வந்தார். அங்கே காத்திருந்தது யார்? போர்க்தான். புலியைத் தவிர்க்க எண்ணினாரோ இல்லையோ, புலி கடைசியில் எதிரே வந்து நின்றது. மூன்று செட்டுகளில் ஆட்டம் முடிந்தது. போர்க் சாம்பியனானார், அவரும் ஒரு தோல்வியுடன் சாம்பியனானவர்தான் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லெண்டிலுக்கு அப்போது வயது இருபதுதான். அதன் பிறகு அவர் அடைந்த பெருமையையும் சொல்லாமல் விடுவது தர்மம் அல்ல. 1980 முதல் 1988 வரையில் ஒன்பது ஆண்டுப் பந்தயங்களிலும் ஒன்றுகூட விடாமல் கடைசி ஆட்டம் வரையில் வந்தார். ஐந்து முறை பட்டம் வென்றார். அப்படிப்பட்ட மனிதரைக் கோழை என்று எவரும் இன்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மாலை வேளையின் சந்தேகம் மட்டும் இத்தனை ஆண்டுகளாகியும் அவருடைய பெயரோடு ஒட்டிக் கொண்டிருக்கிறது.

பந்தயத்தின்மீதும் அந்தச் சந்தேகம் படிந்தது. டிக்கட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள், தாங்கள் பார்ப்பது உண்மையான போராட்டமா அல்லது நாடகமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டால் பந்தயத்தின் உயிரே போய்விடும் அல்லவா? 1983 ஜனவரியில் முறை மாறியது. இங்கேயும் தோற்றவர் வெளியேற வேண்டியதுதான் என்று ஆயிற்று. அப்படி நான்கு பந்தயங்கள் நடந்தன. தந்திரத்துக்கு இடம் இல்லாமற் போயிற்று. அதோடு பந்தயத்தின் தனிச் சிறப்பும் போயிற்று. 1986 டிசம்பரில் பழைய முறையையே திரும்பக் கொண்டுவந்தார்கள். சட்டத்தை மாற்றினால் கண்ணி மறையலாம்; ஆனால் அதோடு வாசலும் அடைபட்டுப் போகிறது. திறந்த வாசல் வேண்டுமானால் அதில் நுழைகிறவரின் நாணயத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

டூரினில் ஒரு வியாழக்கிழமை

அந்த நம்பிக்கைக்கு 2023 நவம்பரில் ஒரு கடுமையான சோதனை வந்தது.

யானிக் சின்னர் இத்தாலியின் வடகோடியில் உள்ள மலைப் பிரதேசத்தில் பிறந்தவர். தகப்பனார் சமையற்காரர். சிறு பிராயத்தில் பனிச் சறுக்கு விளையாட்டில் தேர்ந்து விளங்கிவிட்டுப் பிறகு டென்னிஸுக்கு வந்தவர். அதுவரையில் இத்தாலியர் ஒருவரும் இந்தப் பந்தயத்தின் கடைசி ஆட்டத்தைத் தொட்டதில்லை. ஆகையால் டூரின் மண்டபத்தில் ஜனங்கள் அடைந்த பரவசத்துக்கு அளவில்லை.

அவருடைய அணியிலேயே ஸெர்பியாவின் நோவாக் ஜோகோவிச் இருந்தார். அந்த ஆண்டின் நான்கு மகா பந்தயங்களில் மூன்றை வென்றவர். இந்தப் பட்டத்தையும் அதற்குமுன் ஆறு முறை பெற்றவர். சின்னர் அவரை மூன்று செட்டுகளில் ஜயித்துவிட்டார். மற்றொரு ஆட்டத்திலும் வெற்றி. மூன்றாவதாக டென்மார்க் தேசத்து ஹோல்கர் ரூனேயுடன் ஆட வேண்டியது மட்டும் பாக்கி.

வியாழக்கிழமை பகலில் ஜோகோவிச் தம் கடைசி அணி ஆட்டத்தில் போலந்து தேசத்து ஹுர்க்காச்சை வென்றார். ஆனால் ஒரு செட்டை இழந்துவிட்டார். அந்த ஒரு செட்டினால் அவருடைய தலைவிதி அவர் கையை விட்டுப் போயிற்று. கணக்கைப் பாருங்கள்: இரவு நடக்கும் ஆட்டத்தில் சின்னர் வென்றால் ஜோகோவிச் அரை இறுதிக்கு வருவார். சின்னர் தோற்றால் ஜோகோவிச் வெளியே, ரூனே உள்ளே. சின்னருக்கோ வென்றாலும் தோற்றாலும் அரை இறுதி நிச்சயம்!

இதைவிடப் பெரிய சோதனையை யாரேனும் கற்பனை செய்ய முடியுமா? பட்டத்துக்கு மிகப் பெரிய இடையூறாக இருப்பவரை ஒரு விரலும் அசைக்காமல் அப்புறப்படுத்திவிடலாம். பொய் சொல்ல வேண்டாம். சூது செய்ய வேண்டாம். கொஞ்சம் களைப்பாக ஆடினால் போதும். கால் வலி என்று சொன்னால் நம்பாதவர் யார்?  சொந்த ஊர் ஜனங்களில் எத்தனை பேர் மனத்துக்குள் அதை விரும்பியிருப்பார்களோ, யார் கண்டது?

சின்னர் முதல் செட்டை 6-2 என்று வென்றார். இரண்டாவது செட்டை ரூனே 7-5 என்று பறித்துக் கொண்டார். மூன்றாவது செட் பாக்கி. விட்டுவிடுவதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. சின்னர் விடவில்லை. கடைசிப் பந்து வரையில் ஆடி 6-4 என்று ஜயித்தார். அந்த வெற்றியினால் அவருக்கு அரை இறுதி விஷயத்தில் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. லாபம் அடைந்தவர் ஜோகோவிச்.

ஆயுதம் இழந்து நின்ற இராவணனை அன்றைக்குக் கொல்லாமல், போய்விட்டு மறுநாள் வரும்படி இராமபிரான் சொன்ன கதையை நம் நாட்டுக் குழந்தைகளும் அறியும். பிற்பாடு மறுபடியும் போருக்கு வந்த இராவணன் தோற்று மாண்டான் என்பதையும் அறியும். கதைகளிலே தர்மத்துக்கு உடனுக்குடன் பலன் கிடைத்து விடுகிறது. டென்னிஸ் களத்தில் அப்படி நடக்கவில்லை. திரும்பி வந்த ஜோகோவிச் அரை இறுதியில் ஸ்பெயின் தேசத்து அல்காராஸை வீழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்தில், தம்மைப் பந்தயத்தில் நிறுத்தி வைத்த அதே சின்னரை 6-3, 6-3 என்று தோற்கடித்தார். ஏழாவது தடவையாகப் பட்டத்தைப் பெற்று, அதுவரையில் பெடரருடன் பங்கிட்டுக் கொண்டிருந்த சாதனையைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டார்.

"பார்த்தீர்களா? வியாழக்கிழமை தோற்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஜயித்திருக்கலாமே!" என்று கேட்கிற புத்திசாலிகள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே போலும், ஆறு நாள் கழித்து வேறொரு சம்பவம் நடந்தது.

ஸ்பெயின் தேசத்து மலாகா நகரத்தில் டேவிஸ் கோப்பை அரை இறுதி. இத்தாலியும் ஸெர்பியாவும் மோதின. மறுபடியும் சின்னர், மறுபடியும் ஜோகோவிச். மூன்றாவது செட்டில் ஜோகோவிச் வெற்றியின் விளிம்பில் நின்றார். அடுத்தடுத்து மூன்று பந்துகளில் எந்த ஒன்றை ஜயித்தாலும் ஆட்டம் அவருடையது. மூன்றையும் சின்னர் தட்டிப் பறித்தார், ஆட்டத்தையும் வென்றார். அன்றே இரட்டையர் ஆட்டத்திலும் ஜோகோவிச்சின் ஜோடியைச் சின்னரின் ஜோடி தோற்கடித்தது. மறுநாள் ஆஸ்திரேலியாவை வென்று 1976-க்குப் பிறகு முதல் முறையாக இத்தாலி டேவிஸ் கோப்பையைப் பெற்றது.

எதிரியைக் கணக்கினால் வெளியேற்றியிருந்தால் சின்னருக்கு ஒரு சந்தேகம் என்றைக்கும் இருந்து கொண்டேயிருக்கும்: அவர் இருந்திருந்தால் நான் ஜயித்திருப்பேனா என்று. எதிரியை உள்ளே வரவிட்டுத் தோற்றபடியால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமற் போயிற்று. எங்கே தோற்றோம், ஏன் தோற்றோம் என்று தெரிந்து கொண்டு மறுபடியும் போய் மோத முடிந்தது. 2024-இல் அவர் டூரினில் ஒரு செட்டைக் கூட இழக்காமல் பட்டம் வென்றார். 2025-இலும் அப்படியே, கடைசி ஆட்டத்தில் அல்காராஸை 7-6, 7-5 என்று வென்றார்.

தோற்றவருக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பது அந்தப் பந்தயத்தின் பெருமை. அந்தக் கதவு வழியாக எதிரியும் உள்ளே வருவான் என்று தெரிந்திருந்தும் அதைச் சாத்தாமலிருப்பது ஆட்டக்காரரின் பெருமை. முதலாவதைச் சட்டம் செய்துவிடும். இரண்டாவதை மனிதர்தான் செய்ய வேண்டும். டூரின் மண்டபத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு அதை ஒருவர் செய்து காட்டினார். அன்று அவருக்கு அதனால் கிடைத்தது என்னவோ ஒரு தோல்விதான். ஆனால் அப்படிப்பட்ட தோல்வியைச் சம்பாதிப்பது எல்லாருக்கும் எளிதல்ல.